சோறும் நடையும்: சேலம், நாமக்கல் வழியில் நான்கு நாட்கள்

சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையில் காலை எட்டு மணிக்குள் வெள்ளிப் பட்டறைகள் திறந்துவிடுகின்றன. கொலுசுக்குக் கண்ணி கோக்கும் தொழிலாளர்கள் தரையில் சம்மணமிட்டு அமர்ந்தால், குனிந்த தலை நிமிராமல் நண்பகல் வரை அவ்விடத்திலேயே இருக்கிறார்கள். விரல்கள் மட்டும் ஓயாமல் இயங்குகின்றன. அங்கிருந்து சிறிது தொலைவில் லீ பஜார். மஞ்சளும் வெல்லமும் பருப்பும் மூட்டை மூட்டையாக லாரிகளிலிருந்து மனிதர் முதுகுக்கு மாறும் இடம். மூட்டை தூக்குவோரின் சட்டை ஒன்பது மணிக்குள் வியர்வையில் நனைந்துவிடுகிறது. பகல் ஒரு மணிக்கு இரு சாராரும் ஒரே சாப்பாட்டுக் கடைக்கு வந்து சேர்ந்தனர். நாங்கள் மூவரும் மூலை மேசையில் அமர்ந்து கவனித்தோம். பட்டறைக்காரர்களை விரல் நுனியின் கருமை காட்டிக் கொடுத்தது. இலையில் விழுந்த சோற்றின் அளவில் எள்ளளவும் வேறுபாடு இல்லை. இரண்டாம் முறை சோறு கேட்டவர்களில் பாதிப்பேர் கருத்த விரல்காரர்கள்.

நாங்கள் புறப்பட்ட காரியத்துக்கு இது நல்ல தொடக்கமாயிற்று. எங்களுள் ஒருவர் 52 வயதினர். சென்ற ஆண்டு மாரடைப்பு வந்து, இருதயத் தமனியில் ஸ்டென்ட் வைக்கப்பெற்றுப் பிழைத்தவர். மற்றொருவர் பத்தாண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை உண்பவர். மூன்றாமவருக்கு இன்னும் நோய் என்று ஒன்றும் இல்லை. இடுப்புச் சுற்றளவு மட்டும் 100 சென்டிமீட்டரை எட்டியிருக்கிறது. நம் நாட்டு ஆண்களுக்கு 90-ஐயும் பெண்களுக்கு 80-ஐயும் தாண்டினால் விழித்துக்கொள்ள வேண்டும் என்பது மருத்துவர் கணக்கு. மூவரும் இந்தச் சமவெளியில் பிறந்து வளர்ந்தவர்கள். கேழ்வரகுக் களியும் கம்மஞ்சோறும் உண்டு எண்பது வயது வரை ஏர் பிடித்த பாட்டன்மாரின் கதைகளைக் கேட்டு வளர்ந்தோம். (நாற்பதில் இறந்துபோன பாட்டன்மாரைப் பற்றி எவரும் கதை சொல்வதில்லை என்பதையும் மறத்தலாகாது.) அந்த உணவு எங்கே போயிற்று, அந்த உழைப்பு எங்கே போயிற்று, இவற்றுள் மீட்கத்தக்கது எது என்று ஊர் ஊராகச் சென்று பார்த்துவரலாம் என்றே நான்கு நாள் விடுப்பு எடுத்தோம்.

நோயின் பரப்பை முதலில் சொல்லிவிடுகிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் துணையுடன் நாடு முழுவதும் நடந்த கணக்கெடுப்பின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. இந்தியாவில் நீரிழிவுடையோர் 10 கோடியே 10 லட்சம். அதன் வாயிற்படியில் நிற்போர் 13 கோடியே 60 லட்சம். தமிழ்நாட்டில் வயது வந்தோர் நூற்றுவரில் பதினால்வருக்கு அந்நோய் இருக்கிறது. இருதயத்தின் செய்தியும் இதற்கு இளைத்ததன்று. 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ என்னும் பேராய்வில், முதல் மாரடைப்பு தெற்காசியரைப் பிற நாட்டாரைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாகவே தாக்குவது தெரியவந்தது. புகையிலை, இரத்தக் கொழுப்பின் கோளாறு, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காய்கனிக் குறைவு, மது, உடலுழைப்பின்மை ஆகிய ஒன்பதுக்குள் மாரடைப்பு அபாயத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அடங்கிவிடுகிறது என்று 2004-இல் அவ்வாய்வாளர்கள் எழுதினார்கள். தலைவிதி என்று நாம் கைகழுவும் நோயில் பெரும்பகுதி அடுப்பங்கரையிலும் நாற்காலியிலும் உருவாவதே.

அன்று மாலை சேலத்தை விட்டுப் புறப்படுமுன் தட்டுவடை செட் உண்ணாமல் வர மனம் ஒப்பவில்லை. இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே சட்னி தடவி, துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் வைத்துத் தருகிறார்கள். பொரித்த பண்டம் பொரித்த பண்டந்தான். ஆயினும், பச்சைக் காய்கறியை இத்தனை மகிழ்ச்சியோடு தெருவில் நின்று தின்னும் ஊர் வேறொன்றை நாங்கள் கண்டதில்லை. ஒரு செட்டை மூவரும் பங்கிட்டுக்கொண்டோம்.

மறுநாள் இராசிபுரம் வழி. வெண்ணெய்க்கும் நெய்க்கும் பெயர்போன ஊர். அதைச் சுற்றிலும் மரவள்ளித் தோட்டங்கள். இவ்வட்டாரத்தார் அதைக் குச்சிக்கிழங்கு என்பார்கள். சாலையோரத்தில் வெண்ணிறமாகப் பளபளக்கும் சிமெண்டுக் களங்கள் தென்பட்டால் அங்கே ஜவ்வரிசி ஆலை இருக்கிறது என்று பொருள். ஓர் ஆலைக்குள் அனுமதி பெற்றுச் சென்றோம். தோல் நீக்கிய கிழங்கு அரைபட்டுப் பாலாகிறது. பால் தொட்டிகளில் தேங்கி, மாவு அடியில் படிகிறது. படிந்த மாவைப் பொடித்துத் தூளியில் இட்டு ஆட்ட, அது முத்து முத்தாகத் திரள்கிறது. சலித்து, சூடான தட்டில் வறுத்து, வெயிலில் உலர்த்தினால் ஜவ்வரிசி. இரண்டாம் உலகப் போரின்போது மலேயாப் பக்கத்திலிருந்து இறக்குமதி நின்றுபோகவே, 1940-களில் சேலத்தில் குடிசைத்தொழிலாய்ப் பிறந்தது இது. உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான ‘சேகோசர்வ்’ 1981-இல் பதிவாயிற்று. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிட்டியது. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடும் தொழில் என்பதில் ஐயமில்லை.

ஆனால் உணவு என்ற முறையில் அதைப் பார்த்தால், ஏறக்குறைய வெறும் மாவுச்சத்து. நூறு கிராமில் ஏறத்தாழ 350 கலோரி இருக்கிறது. புரதம் ஒரு கிராமைக்கூடத் தொடாது. நார்ச்சத்தும் இல்லையென்றே சொல்லலாம். உண்டவுடன் இரத்தத்தில் சர்க்கரையாய் ஏறிவிடும். இதில் பெரும்பகுதி மகாராட்டிரம் முதலிய மாநிலங்களுக்குப் போய், விரத நாட்களில் கிச்சடியாகிறது. விரதமென்று தொடங்கி மாவு மலையில் முடிவது அவர்கள் வழக்கம் என்று நாம் நகைக்க வேண்டியதில்லை. ஒருசந்தி நாளில் பகலுணவைக் குறைத்துவிட்டு, இரவில் வெல்லமிட்ட ஜவ்வரிசிப் பாயசத்தால் ஈடுகட்டும் வீடுகள் நம்மிடையேயும் உண்டு.

நீரிழிவு நண்பருக்கு ஆலையிலேயே ஒரு கிண்ணம் பாயசம் உபசாரமாக வந்தது. மறுத்தால் முகம் வாடும். இரண்டு கரண்டி அருந்திவிட்டு, “மீதியைப் பசங்களுக்குக் கொடுங்க அம்மா, எனக்குச் சர்க்கரை” என்றார். அந்த அம்மையார் சிரித்து, “எனக்கும் இருக்குதுங்க” என்றார்.

சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலைப் பேருந்து ஏறினோம். காரவள்ளியில் மலையடிவாரம். அங்கிருந்து செம்மேடு செல்லும் சாலையில் 70 கொண்டைஊசி வளைவுகள். சமவெளியைப் பற்றி எழுத வந்தவர்களுக்கு மலையில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். சமவெளியின் ஆலைகள் மலையின் சோற்றுப் பானையை மாற்றிவிட்ட கதை அங்கேதான் இருக்கிறது.

கொல்லிமலை வாழும் மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகச் சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு ஆகியவற்றை விளைவித்து உண்டவர்கள். கீழே ஜவ்வரிசி ஆலைகள் பெருகப் பெருக, சாமைக் காடுகளில் குச்சிக்கிழங்கு ஏறியது. கிழங்கு கைமேல் பணம். சாமையோ வீட்டுக்குச் சோறு மட்டுமே. அந்தச் சோற்றுக்கும் மாற்று வந்தது. நியாயவிலைக் கடையில் அரிசி 2008-இல் கிலோ ஒரு ரூபாய். 2011 ஜூன் முதல் இலவசம். இதைக் குறை சொல்ல நாங்கள் துணியமாட்டோம். பசியை விரட்டிய திட்டம் அது. ஆனாலும், தீட்டிய வெள்ளரிசி மலை உச்சி வரை ஏறியபோது சாமை அடுப்பிலிருந்து இறங்கியது என்பது நடந்த செய்தி.

சோளக்காட்டுக்கு அருகே ஒரு வீட்டுத் திண்ணையில் முதிய தாய் ஒருத்தியிடம் பேசிக்கொண்டிருந்தோம். சாமைச் சோற்றை விட்டது ஏன் என்று கேட்டோம். அவர் வாசலில் கிடந்த உரலைக் காட்டினார். “அதக் குத்தறது யாரு சாமி? விடியக்கருக்கல்ல எந்திரிச்சுக் குத்தினாத்தான் மத்தியானச் சோறு. கை ரெண்டும் காச்சுப்போகும். என் மருமகளுக்கு அந்த வேலையை நான் வெக்கல.”

மீண்டும் பழைய உணவுக்குத் திரும்புங்கள் என்று நகரத்து மேடைகளில் முழங்குவோர் இந்த உரலை ஒருமுறை பார்த்துச் செல்வது நல்லது. சாமையின் உமியை நீக்குவது நெல்லைப் போல எளிதன்று. அந்தப் பாடு முழுவதும் பெண்களின் தோளில் இருந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-கள் முதல் இம்மலையில் பணியாற்றி, விதைகளைக் காத்ததோடு உமி நீக்கும் சிறு எந்திரங்களையும் ஊர்களுக்குக் கொண்டுவந்தது. எந்திரம் வந்த இடத்தில் சாமைக்குக் கொஞ்சம் உயிர் திரும்பியிருக்கிறது. உலக்கைப் பயிற்சி உடலுக்கு நல்லதுதானே என்று எங்களுள் ஒருவர் வாய்தவறிச் சொல்ல, மற்ற இருவரும் அவரை உடனே அடக்கினோம்.

சிறுதானியத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தபின், அவற்றுக்கு மந்திர சக்தி ஏற்பட்டுவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து மிகுதி, சாமையில் நார்ச்சத்து உண்டு, இரண்டும் மெய். எனினும் களி உருண்டை ஒன்றுக்குப் பதில் மூன்று உண்டால் சர்க்கரை ஏறாமல் இருக்காது. மைதாவும் சர்க்கரையும் கலந்த பிஸ்கட்டில் சிட்டிகை தினையைத் தூவினால் அது மருந்தாகிவிடாது. மேலே சொன்ன கணக்கெடுப்பின் மற்றொரு பகுதி 2025-இல் வெளிவந்தது. நம் மக்கள் பெறும் ஆற்றலில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்தே வருகிறதாம். மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல், வெள்ளரிசிக்குப் பதில் முழுக்கோதுமையோ சிறுதானிய மாவோ உண்பதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறையக் காணவில்லை. அம்மாவில் ஒரு சிறு பங்கை எடுத்துவிட்டு, பருப்பு, பால் முதலியவற்றின் புரதத்தை அவ்விடத்தில் வைத்தபோதே அபாயம் குறைந்து காணப்பட்டது.

இதைப் படித்தபோது எங்களுக்குப் பழைய கொங்குச் சமையல் நினைவுக்கு வந்தது. களி தனியாக உண்ணப்படவில்லை. அதனோடு கொள்ளுப் பருப்புக் கடைசல், கீரைக் கடைசல், நிலக்கடலைத் துவையல், ஒரு சொம்பு மோர். நூறு கிராம் கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம் புரதம். கடலையின் கொழுப்பில் பெரும்பகுதி இருதயத்துக்குத் தீங்கற்ற வகை. சுற்றத்தாரைத் தொலைத்துவிட்டுக் களியை மட்டும் மீட்டு வந்து பயன் என்ன?

நாமக்கல்லை நெருங்கும்போது காற்றே ஊரை அறிவிக்கிறது. நெடுஞ்சாலையின் இருபுறமும் கோழிப் பண்ணைகள். 1997 முதல் தனி மாவட்டமாய் விளங்கும் இப்பகுதியிலிருந்து நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டைகள் வெளியூர்களுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்கின்றன. நம் பள்ளிப் பிள்ளைகளின் சத்துணவுக்கும் செல்கின்றன. எம்.ஜி.ஆர். 1982-இல் விரிவாக்கிய சத்துணவுத் திட்டத்தில் 1989-இல் முட்டை சேர்ந்தது. முதலில் இரு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கி, 2010 முதல் வாரத்தில் ஐந்து நாளும் முட்டை. ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. ஏழைப் பிள்ளையின் தட்டில் இதைவிட மலிவாய்ச் சேரக்கூடிய நல்ல புரதம் அரிது.

பிள்ளைக்கு நல்லது பெரியவருக்கு ஆகாதோ? நாமக்கல்லில் முட்டை வணிகம் செய்யும் ஒருவர், தாம் மஞ்சள் கருவைத் தொட்டு இருபது ஆண்டு ஆயிற்று என்றார். கரு ஒன்றில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் கொலஸ்டிரால் உண்டு என்பது உண்மை. ஆயினும் உணவின் கொலஸ்டிராலைவிட, இரத்தக் கொலஸ்டிராலை மிகுதியும் உயர்த்துவது நிறைவுற்ற கொழுப்பே என்று அறிந்தபின், நாளுக்கு 300 மில்லிகிராம் என்று விதித்திருந்த எல்லையை அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி 2015-இல் கைவிட்டது. நலமாயிருப்போருக்கு நாள் ஒன்றுக்கு ஒரு முட்டை பெரும்பாலும் தீங்கன்று. நீரிழிவோ இருதய நோயோ உள்ளவர் தம் மருத்துவரிடம் கேட்டு அளவை வகுத்துக்கொள்வது முறை. வெள்ளைக் கருவில் கொலஸ்டிரால் இல்லையாதலால் அதற்கு அத்தனை கவலை வேண்டாம்.

இரவில் கடைத்தெருவுக்குப் போனோம். முட்டை அங்கே தனியாக வரவில்லை. கொத்துப் பரோட்டாவில் கலந்து வந்தது. வீச்சுப் பரோட்டாவுக்குள் மடிந்து வந்தது. கலக்கியாகி, எண்ணெய் மினுக்கும் பரோட்டாவுக்குத் துணையாக வந்தது. மைதா, எண்ணெய், உப்பு மூன்றும் செய்த குற்றத்துக்கு முட்டை சிறை சென்றதாகவே எங்களுக்குத் தோன்றியது. உப்பு நாளுக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சால்னா இரண்டு கரண்டியும் ஊறுகாயும் சேர்ந்தால் ஒரே வேளையில் அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அன்றிரவு அவித்த முட்டை ஆளுக்கொன்றும் இரண்டு இட்லியும் உண்டோம். கடைக்காரர் எங்களை நோயாளிகள் என்று கண்டுகொண்டு, சாம்பாரில் உப்புக் குறைவென்று ஆறுதல் சொன்னார்.

விடியற்காலையில் கமலாலயக் குளத்தருகே நடப்போர் கூட்டம். ஊர் நடுவே ஒற்றைக் கல்லாய் எழுந்து நிற்கும் குன்றும் அதன் தலையில் கோட்டையும் இளவெயிலில் சிவந்து தெரிந்தன. தமிழ்நாடு அரசு 2023 நவம்பர் 4-இல் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்ற திட்டத்தின்படி, மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை ஒன்றைக் குறித்தது. நல்ல காரியம். எட்டுக் கிலோமீட்டர் என்று கேட்டவுடன் திகைப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு சொல். வாரத்துக்கு 150 நிமிடம் சற்று வேகமான நடை என்பதே உலக சுகாதார நிறுவனம் கூறும் குறைந்த அளவு. பேசிக்கொண்டு நடக்கலாம், பாட முடியாது என்னும் வேகம் போதும். உணவுக்குப்பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால்கூட ஏறவிருக்கும் சர்க்கரையைக் கால் தசைகள் இழுத்துக்கொள்ளும். கொலுசுப் பட்டறையில் இருப்போருக்கு இதைவிட எளிய மருந்து இல்லை.

மோகனூரில் காவிரி. அதன் கரையோரமாய்ப் பரமத்திவேலூர், ஜேடர்பாளையம் வரை கரும்பும் வெற்றிலைக் கொடிக்கால்களும் வாழையும் செழித்திருக்கின்றன. கபிலர்மலைப் பக்கத்து ஆலைக்கொட்டகை ஒன்றில் சாறு கொதிக்கும் கொப்பரை முன் அரை மணி நேரம் நின்றோம். சக்கையே விறகு. அழுக்கு ஒதுக்கி, பதம் பார்த்து, மரத்தொட்டியில் கவிழ்த்து, சூடு தணியுமுன் உருண்டை பிடிக்கிறார்கள். பிலிக்கல்பாளையத்துச் சந்தையில் அவ்வெல்லம் ஏலம் போகிறது. மணம் ஊரைத் தூக்கியது. ஸ்டென்ட் வைத்த நண்பர் கேட்டார்: “சீனியை விட்டுட்டேன். நாட்டு வெல்லம் சேத்துக்கலாமில்லீங்களா?”

கொட்டகைக்காரர் உண்மையான மனிதர். “ரெண்டும் கரும்புதானுங்களே” என்றார். எங்கள் ஊர்களில் ஆயிரம் பேர் நம்பும் ஒரு மயக்கத்தை அவர் நான்கு சொல்லில் தீர்த்துவிட்டார். வெல்லத்தில் சிறிதளவு இரும்பும் பிற தாதுக்களும் உண்டெனினும், இரத்தத்தில் அது செய்யும் வேலை சர்க்கரையின் வேலையே. கருப்பட்டியும் தேனும் அப்படித்தான். பண்டிகைக்குக் கச்சாயமோ ஒப்பிட்டோ ஒன்று உண்பதை நாங்கள் தடுக்கவில்லை. ‘நாட்டு’ என்ற அடைமொழியை நம்பித் தினமும் நான்கு தேநீரில் கரைப்பதையே தடுக்கிறோம். வேலூர் வெற்றிலையைப் பற்றியும் ஒரு சொல்: இலை வேறு, அதற்குள் மடிக்கும் புகையிலை வேறு. பீடியை விட்டுவிட்டதாகச் சொல்லிப் புகையிலை குதப்புவோர், ஒரு வாசலை அடைத்து மறு வாசலைத் திறந்து வைத்தவர்கள்.

திருச்செங்கோட்டு மலைக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் உண்டு. வாகனம் செல்லும் பாதையும் உண்டு. அதிகாலையில் படியேறுவோரில் பாதிப்பேர் பக்தர்கள். பாதிப்பேர் மருத்துவர் சொல்லி வருபவர்கள். ஸ்டென்ட் வைத்த நண்பர் தம் மருத்துவரிடம் முன்னரே கேட்டிருந்தார்: நூறு படி, பிறகு ஓய்வு, மார்பில் இறுக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும். அவர் முந்நூறு படியில் அமர்ந்துகொண்டார். நாங்களும் உடனிருந்தோம். உச்சிக்குப் போயே ஆகவேண்டும் என்னும் வீம்பு இருதய நோயாளிக்குப் பகை.

அங்கே அமர்ந்து பேசியபோது சென்னையில் நடந்த ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. நீரிழிவின் வாயிற்படியில் நின்ற 531 பேரை மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் மூன்றாண்டு கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்குள் விழுந்தனர். நாளுக்கு அரை மணி நேரம் நடந்து, சர்க்கரை, தீட்டிய தானியம், எண்ணெய் ஆகியவற்றைக் குறைத்து, நார்ச்சத்தைக் கூட்டிக்கொண்ட பிரிவில் 39 பேர். மெட்பார்மின் மாத்திரை மட்டும் உண்டோர் பிரிவிலும் ஏறத்தாழ அதே அளவுதான். இதில் எங்களைக் கவர்ந்த செய்தி வேறு: நடந்தவர்களின் எடை குறிப்பிடத்தக்கவாறு குறையவே இல்லை, பயன் மட்டும் கிட்டியது. பத்து நாள் நடந்து, எடைக் கருவியில் ஏறி, முள் அசையவில்லை என்று மனம் முறிந்து விட்டுவிடுவோர் எத்தனை பேர்! எங்கள் நூறு சென்டிமீட்டர் நண்பரும் அவர்களுள் ஒருவர். அவர் அன்று பேசாமல் எழுந்து, மேலும் இருநூறு படி தனியாக ஏறிவிட்டு வந்தார். (ஏற்கெனவே நோய் கண்டு மாத்திரை உண்போர் நடக்கத் தொடங்கிவிட்டோம் என்று தாமாகவே மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.)

கடைசியாகச் சங்ககிரி. லாரிகளின் ஊர். நாமக்கல் கூடு கட்டிக் கொடுக்கிறது. திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளை நாடெங்கும் அனுப்புகிறது. சங்ககிரி சரக்கேற்றி ஓட்டுகிறது. இச்சமவெளியின் ஆண்கள் ஏரிலிருந்து இறங்கி ஏறிய இருக்கை இதுவே. பகலும் இரவும் அமர்ந்த நிலை, உறக்கக் கேடு, வழிக் கடை உணவு, நேரத்துக்குப் போய்ச்சேர வேண்டிய பதற்றம், உறக்கம் விரட்டப் புகையிலை. இன்டர்ஹார்ட் ஆய்வின் ஒன்பதில் பாதியை ஓட்டுநர் ஒருவர் ஒரே பயணத்தில் சந்தித்துவிடுகிறார்.

நிறுத்துமிடத்தில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓட்டுநர் ஒருவர் இரும்புத் தடியால் ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்த்தபடி வண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தார். டயர் பார்க்க ஒரு சுற்றுப் போதும்; அவர் ஐந்தாவது சுற்றில் இருந்தார். கேட்டோம். இரண்டாண்டுக்கு முன் ஆந்திரத்தில் ஓர் இரவு மார்பை அழுத்தியதாம். இடக்கை மரத்து, வியர்த்துக் கொட்டியதாம். வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துவிட்டு மேலும் அறுபது கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார். உயிரோடு பேசிக்கொண்டிருப்பது தெய்வச் செயல். அத்தகைய அறிகுறி தாடைக்கோ முதுகுக்கோகூடப் பரவலாம். நீரிழிவு உள்ளவருக்கு வலியே இல்லாமலும் வரலாம். சோடாவில் நேரத்தைக் கழிக்காமல் வண்டியை ஓரங்கட்டி 108-ஐ அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது.

“இப்ப என்ன சாப்பிடறீங்க?” என்று கேட்டதற்கு, இருக்கைக்குப் பின்னாலிருந்து எவர்சில்வர் அடுக்கை எடுத்துத் திறந்து காட்டினார். மேல் தட்டில் அவித்த முட்டை இரண்டு. நடுவில் வறுத்த கடலையும் அவித்த கொள்ளும். அடியில் களி, கைப்பிடி அளவு. “முந்தியெல்லாம் ஊட்டுக்காரி ரெண்டு பெரிய உருண்டை வெப்பாங்க. இப்ப ஒண்ணுதான். கீரையை அள்ளி வெக்கிறா. முதல்ல பசிச்சுதுங்க, இப்ப பழகிப்போச்சு. மூணு மாசச் சர்க்கரை ஒம்பதுல இருந்துச்சு, ஏழுக்கு வந்திருக்குது. டோல்கேட் வந்தா இறங்கி நாலு சுத்துச் சுத்துவேன். கிளீனர் பையன் சிரிக்கிறான், சிரிக்கட்டும்.”

நாங்கள் அவருடைய அடுக்கிலிருந்து ஆளுக்கு நாலு கடலை எடுத்துக்கொண்டோம். என்ன சரக்கு என்று கேட்டோம். ஜவ்வரிசி, நாக்பூருக்கு என்றார். கிளீனர் வண்டியின் பக்கத்தைத் தட்டிக் குரல் கொடுத்தான். விடியுமுன் ஓசூரைத் தாண்ட வேண்டுமாம். அவர் தடியைக் கீழே சாய்த்துவைத்து, இன்னும் ஒரு சுற்று நடந்துவிட்டு ஏறினார்.